யுவான் சுவாங்கின் கிழக் குதிரை

629இல் யுவான் சுவாங் இந்தியாவுக்குக் கிளம்பியது திருட்டுத்தனமாகத்தான். எல்லை தாண்ட அரசு அனுமதி கிடையாது. கோபிப் பாலைவனத்தில் பேயுருவங்கள் சூழ்ந்தன. அவலோகிதேஸ்வரர் பெயருக்கு அசையாதவை, பிரஜ்ஞாபாரமிதா இருதய சூத்திரத்தைச் சொன்னதும் மறைந்தன என்று அவர் வரலாற்றை எழுதிய ஹுய்லி சொல்கிறார். அந்தச் சூத்திரம் மடத்தில் படித்ததில்லை. சிச்சுவானில் உடம்பெல்லாம் புண்ணோடு கிடந்த ஒருவருக்குத் துணிக்கும் சோற்றுக்கும் காசு கொடுத்தார். பதிலுக்கு அவர் கற்றுக்கொடுத்தது.

அப்புறம் தண்ணீர்ப் பை கைநழுவி, இருந்ததெல்லாம் மணலோடு போச்சு. நான்கு இரவு, ஐந்து பகல் ஒரு சொட்டு இல்லை. வாய் ஓயாமல் ஜபித்தார். கடைசியில் தண்ணீருக்குக் கூட்டிப்போனது என்னவோ குதிரைதான். வழியில் ஒரு கிழவரிடம் மாற்றி வாங்கிய கிழக் குதிரை. அந்தப் பாதையில் 15 தடவை போய்வந்தது. இழுத்தும் கேட்காமல் அது வேறு பக்கம் திரும்பியது என்பதையும் ஹுய்லி மறைக்கவில்லை. பேய்க்கதையை நான் பொறுமையாகப் படிப்பது அதனால்தான்.