ஆவணியில் பெய்த பனி

காஷ்மீரத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அரசர்களின் வரலாறாகவே படித்து வந்திருக்கிறோம். அவ்வரசர்களையும் ஆண்டது பனி. எவ்வளவு பெய்தது என்பதைக் காட்டிலும் எப்போது பெய்தது என்பதே அந்நாட்டின் விளைச்சலையும் பஞ்சத்தையும் தீர்மானித்து வந்திருக்கிறது.

முன்பனி, பின்பனி எனப் பொழுது வகுத்தது நம் மரபு. ஆயினும் நாமறிந்த பனி புல்நுனியில் நிற்கும் துளியே. கூரைமேல் குவியும் பனியோடு வாழும் ஸ்ரீநகரத்தார் குளிர்காலத்தை மூன்றாகப் பகுத்தனர். டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாட்கள் சில்லை கலான். அடுத்த 20 நாட்கள் சில்லை குர்த். இறுதி 10 நாட்கள் சில்லை பச்சா. முறையே பெரியது, சிறியது, குழந்தை என்பது பொருள். 'சில்லா' என்னும் பாரசீகச் சொல் நாற்பது நாளைக் குறிக்கும். சூஃபிகளின் நாற்பது நாள் தனித்தவத்திற்கும் அதுவே பெயர்.

இப்பகுப்பில் உழவரின் அறிவு பொதிந்திருக்கிறது. கோடை மழையின் பெரும்பகுதியைப் பீர் பாஞ்சால் மலைத்தொடர் தடுத்துவிட, குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகளே பள்ளத்தாக்கிற்குப் பனியைக் கொணர்கின்றன. சில்லை கலானில் விழும் பனி கடுங்குளிரில் இறுகி மலையில் தங்கும். பின்னர் மெல்ல உருகி ஜீலம் நதிக்கும் நெல்வயலுக்கும் நீராகும். பிந்தி விழும் பனியோ விரைவில் கரைந்தோடிவிடும்.

பழைய நூல்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. ஆண்டில் ஆறு மாதம் பிசாசர்களுக்குப் பள்ளத்தாக்கை விட்டுக்கொடுத்து மாந்தர் வெளியேறினர் என்கிறது நீலமத புராணம். சந்திரதேவன் என்னும் முதிய அந்தணன் நாகர் தலைவன் நீலனிடம் வரம் பெற்ற பிறகே அவர்கள் ஆண்டு முழுதும் அங்கே தங்கினராம். முதற்பனி விழும் நாளைக் கொண்டாட வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. முதற்பனியை மறைத்துக் கொடுத்து, அறியாது பெற்றுக்கொண்டவரிடம் விருந்து கேட்கும் காஷ்மீரி வழக்கத்தைக் காணும்போது அவ்விழா நம் நினைவுக்கு வருகிறது.

12-ஆம் நூற்றாண்டில் ராஜதரங்கிணி இயற்றிய கல்ஹணர், துஞ்சீனன் என்னும் அரசன் காலத்துப் பஞ்சத்தை விவரிக்கிறார். பாத்ரபத மாதத்தில், அதாவது நம் ஆவணி புரட்டாசியில், முற்றிவந்த நெல்லின்மேல் பனி கொட்டியது. நாடு பசியில் வீழ்ந்தது. அரசன் தீயில் புகத் துணிய, அரசி வாக்புஷ்டா தடுத்துத் தேற்றினாள். வானிலிருந்து இறந்து விழுந்த புறாக்கள் மக்களைக் காத்தன என்று கதை முடிகிறது. புறாக்களை நாம் நம்ப வேண்டியதில்லை. காலந்தவறிய பனியை நம்பலாம். 2019 நவம்பரில் இலை உதிராத ஆப்பிள் மரங்கள்மீது பனி விழுந்து கிளைகள் முறிந்ததை நம் தலைமுறையே கண்டது.

மறுபுறம், 2024 ஜனவரியில் சில்லை கலான் பெரும்பாலும் வறண்டே கழிந்தது. குல்மார்க் சரிவுகளில் புல் தெரிந்தது. பனி வேண்டிச் சிறப்புத் தொழுகைகள் நடந்தன. மாத இறுதியில்தான் பனி வந்தது.

பனிக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போனவர்களின் கதையோடு தொடங்கிய வரலாறு, பனிக்காக வானை நோக்கிக் கையேந்தும் காலத்திற்கு வந்து சேர்ந்திருக்கிறது.