புரி தேய்ந்த சம்ப் நட்

அண்மையில் எட்டியாந்தோட்டைப் பக்கத்து உறவினர் ஒருவரின் வீட்டு முற்றத்தில், டொயோட்டாக் கார் ஒன்றின் அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்த முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒயில் மாற்றுவதற்காகக் கழற்றிய சம்ப் நட் மீண்டும் இறுகாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மனிதர்க்கு ‘மரை கழன்றுவிட்டது’ என்று நாம் கேலி பேசுவதுண்டு. இயந்திரத்துக்கு அது நேர்ந்தாலோ ஒயில் சொட்டிச் சொட்டி இறங்கி, எஞ்சினே இறுகிப்போகும்.

அவர் ஒரு காலத்தில் தோட்டத்து ஸ்டோரில் பிட்டராக இருந்தவர். (தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்பதே மலையக வழக்கு.) நட்டை விரலால் தடவிப் பார்த்தார். “யாரோ வேற புரிய போட்டு முறுக்கியிருக்காங்க தம்பி” என்றார்.

அந்த ‘வேற புரி’க்கு நீண்ட வரலாறு உண்டு. 1841இல் ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், திருகுப் புரியின் கோணம் 55 பாகை என வகுத்தார். சிரொக்கோ உலர்த்திகளும் ஜாக்சன் உருளைகளும் இலங்கை மலைகளில் ஏறியபோது, பிரித்தானியாவின் அங்குலக் கணக்கும் கூடவே ஏறியது. தோட்டத்துத் தமிழ் இளைஞர்கள் ஸ்டோரில் முதலிற் கற்ற புரி அதுவே.

1948 நவம்பர் 18ஆம் திகதி வாஷிங்டனில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் 60 பாகைக்கு உடன்பட்டு ஒரே புரிக்கு ஒப்பமிட்டன. அதற்கு மூன்று நாள் முன்னர், நவம்பர் 15இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். தற்செயல்தான். ஆயினும் புரிகளை ஒன்றாக்குவதில் உலகம் காட்டிய அக்கறையை எண்ணும்போது மனம் கசக்கவே செய்கிறது.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி ஒடுங்கியது. மொரிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் சாகவிடாமற் காத்தவை கடைசல் பட்டறைகள். துரையின் கார் நட்டையும் ஸ்டோரிலேயே கடைந்ததாகப் பெரியவர் கூறினார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. போனவர்களுள் அவருடைய அண்ணனும் ஒருவர். கடைசற் பொறியில் தம்மைவிடக் கெட்டிக்காரர் என்கிறார். கொழுந்தின் நிறை பதிவான தோட்டத்துப் பேரேட்டில் அக்கைத்திறனுக்கு ஒரு வரியும் இல்லை.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் ஜப்பானிய வண்டிகள் பெருகின. அவற்றின் புரி மில்லிமீற்றர்க் கணக்கு. இங்கேதான் வில்லங்கம். பல டொயோட்டாக்களின் சம்ப் நட் 12 மில்லிமீற்றர் விட்டமும் 1.25 மில்லிமீற்றர் புரி இடைவெளியும் கொண்டது. பிரித்தானியக் கார்களில் வழங்கிய அரை அங்குல நுண்புரியோ 12.7 மில்லிமீற்றர், இடைவெளி 1.27. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பலவந்தமாய் முறுக்கினால் அலுமினியச் சம்பின் புரி அரைபட்டுப் போகும்.

பெரியவர் பழைய பிஸ்கட் தகரத்தைத் திறந்தார். துளையை 12.5 மில்லிமீற்றருக்குப் பெருப்பித்து, 14க்கு 1.5 டாப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பினார், சீவல் உள்ளே விழாதிருக்க. அரைச் சுற்று முன்னே, காற்சுற்றுப் பின்னே, அவசரமே இல்லை. பிறகு மலிவான ஒயிலை ஊற்றிக் கழுவிவிட்டு, அளவான புதிய நட்டைச் செப்பு வாஷருடன் பூட்டினார். நீண்ட ஸ்பானரை நான் நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார். “நீளப் புடிச்சா பலம் தெரியாது.”

தகரத்தின் அடியில் விட்வர்த் டாப்புகள் துரு ஏறாமல் எண்ணெய்த் துணியிற் சுற்றியிருந்தன. இவை இனி எதற்கு என்று கேட்டேன். ஸ்டோரின் பழைய உருளைக்கு இன்னும் இதுதான் பொருந்துகிறது, வருஷத்தில் இரண்டு தடவையாவது கூப்பிடுவார்கள் என்றார். அரை மணி நேரம் கழித்துச் சம்பின் அடியைக் கையால் தடவிக் காட்டினார். கை காய்ந்திருந்தது.