மலாக்கா காட்டும் பாடம்

சரித்திரம் என்பது அரசர் பட்டங்கட்டிய நாளையும் போர் நிகழ்ந்த நாளையும் வரிசைப்படுத்திக் கூறும் நூல் என்று எண்ணுவோர் நம்மில் பலர். அஃது அரண்மனைக்கும் கோட்டைக்கும் உரியதென்றும், பால்மரக் காட்டில் உழைத்தவனுக்கும் பட்டணத்தில் மூட்டை சுமந்தவனுக்கும் அதில் இடமில்லையென்றும் நாம் நம்பிவிட்டோம். இந்நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதை ஒருநாட் பிரயாணம் நமக்கு உணர்த்தியது. அதனை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது தோட்டத்துப் படிப்பகத்தார் முப்பதின்மர், ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக, ஒரு ஞாயிறன்று விடியற்காலையில் பஸ் ஏறி மலாக்கா நகரம் சென்றோம். நகரத்தைச் சுற்றிக் காட்டுவதற்கு வழிகாட்டி ஒருவரை முன்னரே அமர்த்தியிருந்தோம். அவர் அந்நகரிலேயே பிறந்தவர். மலாயிலும் ஆங்கிலத்திலும் தெளிவாகப் பேசுபவர். பொறுமையும் பண்பும் மிக்கவர். சிவந்த கட்டடங்கள் சூழ்ந்த சதுக்கத்தில் நம்மை நிறுத்தித் தமது விளக்கத்தைத் தொடங்கினார்.

எதிரே நின்ற ஸ்தாதைஸ் என்னும் மாளிகை, ஒல்லாந்தர் என்னும் டச்சுக்காரர் 1650-ம் ஆண்டில் தம் கவர்னருக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் எழுப்பியது என்றார். பக்கத்திலிருந்த மாதாகோயில் 1753-ல் கட்டி முடிந்தது என்றார். இக்கட்டடங்கள் ஆதியில் வெண்ணிறமாயிருந்தவை என்றும், இன்று யாவரும் படம் பிடிக்கும் இச்சிவப்பு பின்னாளில் ஆங்கிலேயர் ஆட்சியில் பூசப்பட்டதென்றும் அவர் கூறியபோது, கண்டதையெல்லாம் பழமை என்று கொள்ளலாகாது என்னும் அறிவு நமக்கு உண்டாயிற்று. பின்னர்க் குன்றின்மேல் ஏறி, போர்த்துக்கீசியர் 1521-ல் எழுப்பிய கோயிலின் கூரையற்ற சுவர்களைக் கண்டோம். மறுபுறம் இறங்கி, அவர்களுடைய பெருங்கோட்டையில் எஞ்சி நிற்கும் ஒற்றை வாயிலின் நிழலில் இளைப்பாறினோம்.

1511-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அல்பூகர்க் என்னும் போர்த்துக்கீசியத் தளபதி மலாக்காவைக் கைப்பற்றினான். பள்ளிவாசல்களையும் அரசர் கல்லறைகளையும் பெயர்த்தெடுத்த கற்களால் அக்கோட்டையைக் கட்டினான். 1641-ல் ஒல்லாந்தர் அதனை வென்றனர். 1795-ல் ஆங்கிலேயர் நகரைத் தம் வசமாக்கிக்கொண்டு, 1807-ல் அக்கோட்டையை வெடிமருந்திட்டுத் தகர்த்தனர். இவற்றையெல்லாம் வழிகாட்டி ஒழுங்காகக் கூறிவந்தார். அக்காலத்தில் கடலலை மோதிய இவ்வாயிலின் முன் இன்று கடலைக் காணோம். கடலை மண்ணிட்டுத் தூர்த்து, அதன்மேல் கடைகளும் விடுதிகளும் எழுப்பிவிட்டனர்.

அப்பொழுது நம்முடன் வந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி, "அந்தக் காலத்தில் இங்கே தமிழர்கள் இல்லையா, ஐயா?" என்று மலாயில் கேட்டாள். வழிகாட்டி புன்னகையுடன், "இருந்தார்கள், அம்மா. பிற்காலத்தில் ஆங்கிலேயர் அவர்களை ரப்பர்த் தோட்டங்களுக்கு அழைத்து வந்தார்கள்," என்று விடையளித்து, அடுத்த இடத்திற்கு நடந்தார். அவர்மீது நமக்குக் கோபமில்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்டதை அவர் நமக்குக் கூறினார். ஆங்கில நூல்களின் வழியே சரித்திரம் பயின்ற நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே நம்பியிருந்தோம்.

நிற்க. அவர் கூறாது விட்டவை யாவை?

மலாக்கா வீழ்ந்த மறு ஆண்டிலேயே அங்கு வந்து தங்கியவர் தோமே பிரெஸ் என்னும் போர்த்துக்கீசிய மருந்து வியாபாரி. அத்துறைமுகத்தில் 84 மொழிகள் வழங்கின என்று அவர் எழுதிவைத்தார். வந்திறங்கும் வணிகரைக் கவனிக்க ஷாபந்தர் என்னும் துறைமுகத் தலைவர் நால்வர் இருந்தனர். அவருள் ஒருவர் குஜராத்தியருக்கு மட்டும் உரியவர். மற்றொருவர் கெலிங்கர், வங்காளர், பெகு நாட்டார், பாசை நாட்டார் ஆகியோருக்கு உரியவர். கெலிங்கர் எனப்பட்டோர் பெரும்பாலும் சோழமண்டலக் கரையினின்று வந்த நம்மவரே. பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் துணிமூட்டைகளுடன் பருவக் காற்றில் வந்து, கிராம்பும் சாதிக்காயும் கொண்டு மீண்டனர். 1613-ல் எரெடியா என்பவர் வரைந்த நகரப் படத்தில், ஆற்றின் மேற்குக் கரையில் கெலிங்கர் குடியிருப்பு தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. இன்று நம்மை இழித்துரைக்க ஒருவன் வீசும் சொல், கலிங்க நாட்டுப் பெயரினின்று தோன்றி, அன்று செல்வமும் செல்வாக்குமுடைய வணிகரைக் குறித்து நின்றது. சொல் மாறவில்லை, சொல்லப்பட்டவர் நிலை மாறிற்று.

நம்மவர் வணிகராக மட்டுமே இருந்தனரல்லர். சுல்தான் முசாபர் ஷாவின் தாயார் தமிழ் முஸ்லிம் குடிவழியினர் என்று செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூல் கூறுகின்றது. அக்குடியிற் பிறந்த துன் முத்தாகிர் என்பவரே சுல்தானாட்சியின் இறுதிக் காலத்தில் பெண்டகாரா என்னும் முதல் மந்திரியாக விளங்கினார்.

ஆயினும், இவற்றைச் சொல்லிப் பெருமை கொள்வதோடு நின்றுவிடுவது அறிவுடைமையாகாது. சரித்திரத்தை விரும்புவோன் அதன் கசப்பையும் விழுங்கல் வேண்டும். துன் முத்தாகிர் எவ்வாறு மாண்டார்? ராஜா மெண்டலியார், நைனா சூர தேவனா என்னும் கெலிங்க வணிகர் இருவருக்குள் வழக்கு மூண்டது. ஒருவன் இரவோடிரவாகப் பெண்டகாராவிடம் பொன் கொண்டுபோய்க் கொடுத்தான். அதனைக் கேள்வியுற்று அஞ்சிய மற்றவன், பெண்டகாரா அரியணையைக் கவரச் சூழ்கின்றார் என்று பொய்க்குற்றம் சாட்டிக் கடற்படைத் தலைவனிடம் பொன்னும் கையுமாக ஓடினான். சுல்தான் தீர விசாரியாது பெண்டகாராவைக் கொல்வித்தான். இது நிகழ்ந்தது 1510-ல். மறு ஆண்டே நகரம் அந்நியர் கைப்பட்டது. கைக்கூலியும் பொறாமையும் நம்மவரிடையே நேற்றுப் பிறந்தவையல்ல.

நைனாசத்து என்னும் இந்து வணிகன் கதையும் அத்தகையதே. 1509-ல் மலாக்காவிற் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு அவன் உதவி செய்தான். நகரம் அவர்கள் வசமானதும் முஸ்லிம் அல்லாதார்க்குத் தலைவனாகப் பதவி பெற்றான். 1514-ல் அவர்களே அப்பதவியைக் கம்பார் அரசனுக்கு மாற்றிக் கொடுத்தபோது, அவமானம் பொறாது தீ வளர்த்து அதில் உயிர்விட்டான் என்று போர்த்துக்கீசியர் எழுதினர். ஆள்வோன் தயவையே வாழ்வாகக் கொண்டவன், அத்தயவு நீங்கிய அன்றே வீழ்வான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நண்பகலுக்குப் பின் ஆற்றைக் கடந்து தட்டார் தெருவை அடைந்தோம். அங்கே ஒரே தெருவில், ஒல்லாந்தர் காலத்தில் தெய்வநாயகம் செட்டி கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலும், இந்திய முஸ்லிம் வணிகர் 1748-ல் மரத்தாலெழுப்பிப் பின்னர்ச் செங்கல்லாற் கட்டிய கம்போங் கெலிங் பள்ளிவாசலும் இருக்கின்றன. சற்றுத் தள்ளிச் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். பள்ளிவாசலின் அடுக்குக் கூரை சுமத்ராவை நினைவூட்டுகின்றது. அதன் கோபுரமோ சீனர் கோபுரம் போன்றது. விநாயகர் கோயில் எழுந்தது 1781-ல். அதற்கு நிலமளித்தோர் ஒல்லாந்தர். கடவுளர் இவ்வாறு அண்டை வீட்டாராய் வாழ, அவர்களை வணங்குவோர் மட்டும் ஏன் சண்டையிடவேண்டும் என்று நம்முடன் வந்த இளைஞரொருவர் கேட்டது நியாயமே.

இந்நகரிற் பிறந்த முன்ஷி அப்துல்லாவை ஈண்டு நினைத்தல் வேண்டும். மலாய் உரைநடைக்குப் புதுவழி காட்டிய அப்பெரியார், அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தவர். 1849-ல் அச்சான தம் சரித்திரத்தில், தாம் சிறுவராயிருந்தபோது தமிழ் கற்க அனுப்பப்பட்டதைக் கூறுகின்றார். மலாக்காவில் நல்ல நிலையிலிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ் பயில்வது முன்னோர் காலந்தொட்டு வழக்கமென்றும், கணக்கெழுதவும் வணிகருடன் பேசவும் அது பயன்பட்டதென்றும் காரணம் காட்டுகின்றார். தமிழ் கற்றாற் பிழைக்க வழியுண்டோ என்று இன்று தமிழ்த் தகப்பன்மாரே கேட்கின்றனர். பிழைப்பதற்காகவே பிறர் தமிழ் கற்ற நகரம் இது.

வழிகாட்டியின் திட்டத்தில் இல்லாத இடமொன்றையும் நாம் காண விரும்பினோம். அவர் மனமுவந்து உடன்பட்டார். பஸ் காஜா பெராங் என்னும் பகுதிக்குச் சென்றது. அங்கே வாழ்வோர் மலாக்காச் செட்டிகள். பழைய தமிழ் வணிகர் இந்நாட்டுப் பெண்களை மணந்து பெருகிய வழியினர். வணிகம் கைநழுவிய பின் நகரின் நடுவினின்று விலகி, இப்பகுதியிற் குடியேறினர். வீட்டிற் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். வணங்குவது மாரியம்மனையும் விநாயகரையும்.

நமது கூட்டத்தில் ஆயுள் முழுதும் மரம் வெட்டி ஓய்ந்த பாட்டியொருவர் இருந்தார். கோயில் வாசலில் நின்ற முதியவரிடம், "ஐயா, உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊரு?" என்று தமிழிற் கேட்டார். அவர் கைகூப்பிச் சிரித்தார், மொழி விளங்கவில்லை. பாட்டி நம் பக்கம் திரும்பி, "சாமிக்குத் தமிழ்ப் பேரு இருக்கு, மனுசருக்குத் தமிழ்ப் பேச்சு இல்லையே!" என்று வருந்தினார்.

நமக்கும் முதலில் அவ்வருத்தமே உண்டாயிற்று. ஆனால் அம்முதியவர் மலாயிற் பேசத் தொடங்கியதும் நமது எண்ணம் மாறிற்று. போகி நாளில் வாழையிலையிட்டு, முன்னோர் விரும்பியுண்ட பண்டங்களைப் படைத்து, அவர்களை நினைந்து வணங்குவது தம் வழக்கமென்றார். தம் பாட்டன், அவன் தகப்பன் என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர் கூறினார். அவர்களுடைய பழம்பொருள்களைக் காக்கும் சிறு காட்சிசாலையும் அங்கே உண்டு. சடங்குகளைக் கண்டித்தெழுதும் நாம், இச்சடங்கின்முன் சற்றே வாயடங்கி நின்றோம். பள்ளியும் ஏடும் இன்றி அவர்கள் மொழியை இழந்தனர்; ஆயினும் தாம் யார் என்பதை இழந்தாரில்லை. மொழியை வைத்திருக்கும் நம்முள், கொள்ளுப்பாட்டன் பெயரைச் சொல்லவல்லவர் எத்தனை பேர்? இராசேந்திரன் கடாரம் வென்ற 1025-ம் ஆண்டை மேடைதோறும் முழங்குவோம். நம் பாட்டன் கப்பலேறிய ஆண்டைக் கேட்டால் விழிப்போம்.

தோட்டத் தொழிலாளருக்கும் மலாக்காவுக்கும் தொடர்பில்லையென்று எவரும் எண்ணற்க. இந்நாட்டில் முதன்முதல் வியாபார நோக்குடன் ரப்பர் பயிரிடப்பட்டது மலாக்காவைச் சேர்ந்த புக்கிட் லிந்தாங்கில், ஆண்டு 1896, பயிரிட்டவர் டான் சே யான் என்னும் சீனர். அப்பயிர் நாடெங்கும் பரவ, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களினின்று ஆள் திரட்டி அனுப்பினர். 1938-ல் இந்திய அரசாங்கம் தடுக்கும்வரை அப்பெருக்கு ஓயவில்லை. துணிமூட்டையுடன் வந்தவன் பெயரையேனும் போர்த்துக்கீசியர் எழுதிவைத்தனர். வெறுங்கையுடன் வந்தவன் பெயரை யார் எழுதினர்?

எழுதத்தான் எழுதினர். அதனைக் கூறாது இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது.

திரும்பும் வழியில், காலையிற் கேள்வி கேட்ட அச்சிறுமி பாட்டியின் அருகே அமர்ந்து, "பாட்டி, உங்க அப்பா எந்த வருசம் இங்கே வந்தாரு? எந்த ஊருலேருந்து வந்தாரு?" என்றாள். பாட்டி சிறிதும் தயங்காது, "எனக்கு எங்கே தெரியும் ஆயா? எல்லாம் ஆபீசு புத்தகத்துல இருக்கும். கிராணி ஐயாவைக் கேளு," என்றார்.

அந்தக் கிராணி நாமே. சில ஆண்டுகளுக்கு முன், ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது, பழைய ஆபீசை இடித்துப் புதிது கட்டினர். அப்போது பழைய செக்ரோல்களும் ஆட்பதிவுப் புத்தகங்களும் கறையான் அரித்தவை, பயனற்றவை என்று மேலிடம் கட்டளையிட, வெளியே குவித்து எரிக்கப்பட்டன. அலமாரியினின்று அவற்றை எடுத்துக் கொடுத்தது நமது கை. ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வந்து சேர்ந்த நாள் ஆகிய யாவும் அவற்றில் இருந்தன. ஒரு பக்கத்தையேனும் படியெடுத்து வைப்போம் என்ற எண்ணம் நமக்கு அன்று தோன்றவில்லை. மலாக்காக் கோட்டையை ஆங்கிலேயர் தகர்த்தபோது, யானையளவும் வீட்டளவுமான கற்கள் வானிற் பறந்து கடலில் வீழ்ந்ததை முன்ஷி அப்துல்லா எழுதிவைத்தார். நமது தோட்டத்தில் ஒரு நூற்றாண்டின் பெயர்கள் ஒரு மாலைப் பொழுதிற் சாம்பலாயின. அதனை எழுதிவைப்பார் இலர். அதனால் நாமே இங்கே எழுதுகின்றோம்.

பாட்டியிடம் உண்மையைக் கூறினோம். அவர் நெடுநேரம் சாளரத்துக்கு வெளியே பார்த்திருந்து, பின்பு, "அப்பா பேரு எனக்குத் தெரியும். அதையாச்சும் எழுதிக்குங்க," என்றார். அச்சிறுமி தன் பள்ளிக் கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டாள்.

அன்பர்களே! வழிகாட்டியைக் குறைகூறிப் பயனில்லை. எழுதப்பட்டதையே அவர் சொல்லமுடியும். ஒவ்வொரு தோட்டத்துப் படிப்பகமும் ஒவ்வொரு பட்டணத்துச் சங்கமும் ஒரு கொப்பி வாங்கட்டும். முதியோரிடம் சென்று பெயர், ஊர், கப்பல், ஆண்டு, செய்த வேலை ஆகியவற்றைக் கேட்டெழுதட்டும். சாதியைக் கேட்கவேண்டாம், அதனை மறப்பதே நன்று. ஆபீஸ்களில் எஞ்சியிருக்கும் பழம் புத்தகங்களை, நம்மைப் போன்ற கிராணிமார் எரிய விடாது காக்கட்டும். பிள்ளைகளுக்கு அவற்றைப் படிக்கத் தமிழ் கற்பிப்போம். முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். ஆதலின் இவ்வேலை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கத்தக்கதன்று.

நமது படிப்பகத்துக் கொப்பியின் முதற்பக்கத்தில் இப்போது ஒரு பெயர் இருக்கின்றது.