முதல் எழுத்து யாரைப் பற்றியது?

நதிக்கரை நாகரிகம் என்றால் பாடப்புத்தகம் நமக்குச் சொல்லித்தந்தது கோயில், கோட்டை, அரசன். அந்தக் கோயிலுக்குச் செங்கல் அறுத்தது யார், கால்வாயில் சேறு வாரியது யார் என்று எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. நாம் கேட்போம் தோழர்களே.

யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகளுக்கு இடையிலான தெற்கு மெசபடோமியாவை எடுத்துக்கொள்வோம். இன்றைய ஈராக். அங்கே மழை மிகக் குறைவு. வெள்ளமோ, பயிருக்குத் தண்ணீர் தேவைப்படும்போது வராமல் அறுவடை நேரத்தில் வரும். கால்வாய் வெட்டினால்தான் வாற்கோதுமை விளையும். தொடர்ந்து தூர் வாரினால்தான் கால்வாய் நிலைக்கும். ஆக, நாகரிகத்தை ஆறு தானாகக் கொடுத்துவிடவில்லை. ஆற்றை வயலுக்குக் கொண்டுவந்தது மனித உழைப்பு. அந்த விளைச்சலின் உபரி கோயில் களஞ்சியங்களுக்குப் போனது. களஞ்சியத்தின் கணக்கு யார் கையில் இருந்ததோ, அதிகாரமும் அவர்கள் கையில் சேர்ந்தது.

எழுத்து பிறந்ததும் இந்தக் கணக்கிலிருந்துதான். சுமார் கி.மு. 3300-இல் உருக் நகரத்தார் களிமண் பலகைகளில் எழுதத் தொடங்கினார்கள். எழுதியது கவிதை அல்ல, வேதமும் அல்ல. பெரும்பாலும் வரவு செலவு: தானியம் எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு அளந்தார்கள். தலையையும் கிண்ணத்தையும் சேர்த்து வரைந்தால் உணவு வழங்கல் என்று பொருள். அடிமைப் பெண்ணைக் குறிக்க இரண்டு குறிகளைச் சேர்த்தார்கள்: பெண், மலை. மலைநாட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவள் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். மனிதகுலத்தின் மிகப் பழைய எழுத்திலேயே அவள் இருக்கிறாள், கணக்கில் ஒரு வரியாக.

ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கி.மு. 21-ஆம் நூற்றாண்டில் ஊர் நகர அரசர்கள் காலத்திலும் இதே நிலைதான். ஆண் தொழிலாளிக்கு மாதம் 60 சிலா வாற்கோதுமை என்பது வழக்கமான அளவு. பெண்ணுக்குப் பெரும்பாலும் அதில் பாதி. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். அரசு நெசவுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் இந்தப் படிக்கு உழைத்தார்கள்.

சுமேரில் நம் நாட்டுச் சாதி இல்லை. ஆனால் உழைப்பவர் ஒருவர், அளப்பவர் வேறொருவர் என்ற பிரிவினை அங்கே களிமண்ணில் பதிவாகியிருக்கிறது. செங்கல்லில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டவன் அரசன். அந்தச் செங்கல்லைச் சுமந்தவரைத் தேட வேண்டிய இடம் கூலிக் கணக்கு.

எந்த நாகரிகத்தின் பெருமையைப் படித்தாலும் இரண்டு கேள்விகளோடு படிப்போம்: உழைத்தது யார்? அளந்தது யார்?