கூலி என்று தேடிப் பாருங்கள்

எங்க தாத்தாவுக்கு மூன்று பெயர்கள். பிறப்புப் பத்திரத்தில் முனியாண்டி, தோட்டத்துச் சீட்டில் மொனியாண்டி, அடையாள அட்டையில் முன்யண்டி. பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஜித்ராவுக்கு வந்த பிறகும் அலுவலகத்துக்கு அலுவலகம் ஒரே கேள்வி: "மூணும் ஒரே ஆளா?" ஆவணங்களில் சொல் தேடும் நிரல் எழுதுகிற வேலைக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது.

இந்தத் தொழில்நுட்பம் ஆரம்பித்ததே ஒரு பெயர் மாற்றத்தில்தான். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், சட்டங்களில் 'மந்தபுத்திக் குழந்தை' என்ற பொருளில் இருந்த சொல்லை எடுத்துவிட்டு 'சிறப்புக் குழந்தை' என்ற பொருளில் வேறொன்றைப் போட முடிவெடுத்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹார்ட்டி, மாணவர்களை உட்கார வைத்துச் சட்டப் புத்தகங்களைப் படிக்கச் சொன்னார். எத்தனை தடவை படித்தும் விடுபட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் மொத்தச் சட்டத்தையும் துளையட்டைகளில் ஏற்றி, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று கணினியையே பட்டியல் போட வைத்தார். 1960இல் அதை வழக்கறிஞர்கள் முன்னால் இயக்கிக் காட்டினார். 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ், குறைவான ஆவணங்களில் வரும் சொல்லுக்கே அதிக எடை தர வேண்டும் என்று காட்டினார். இன்றைய தேடல் பொறிகள் வரை அந்தக் கணக்கு தொடர்கிறது.

ஆனால் கணினி எழுத்தைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. மலாயா ஆவணங்களில் 'தொழிலாளி' என்று இன்றைய சொல்லைப் போட்டுத் தேடினால் நம்ம ஆட்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். அங்கே அவர்கள் 'கூலி'. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழியும்வரை 'ஸ்டாச்சூட் இமிகிரன்ட்' என்றும் ஒரு பெயர். 1955 வேலைச் சட்டத்துக்கு வந்தால் 'எம்ப்ளாயி'. ஆட்களைக் கப்பலேற்றும் செலவுக்காக முதலாளிகளிடம் வசூலித்த நிதிக்கு 1907இல் 'தமிழர் குடியேற்ற நிதி' என்று பெயர்; பிறகு அது 'இந்தியர்' நிதி ஆகிவிட்டது. ஒரு பெயரை மட்டும் போட்டால் இன்னொரு காலம் மொத்தமும் காணாமல் போகும்.

இதற்கு வழி உண்டு. ஒரே பொருளுள்ள சொற்களையும் எழுத்து மாறிய பெயர்களையும் முன்கூட்டியே இணைத்து வைத்தால், ஒன்றைத் தேடும்போது எல்லாம் வரும். ஆனால் எதை எதோடு சேர்ப்பது என்று நிரலுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். தோட்டத்துப் பேச்சு தெரியாதவருக்கு முன்யண்டி யாரென்று எப்படித் தெரியும்?

வேலை முடிந்த இரவுகளில் நான் அப்படியொரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் வரியில் தாத்தாவின் மூன்று பெயர்களையும் சேர்த்தே எழுதிவிட்டேன்.