மதிப்பெண் உண்டு, வழிச்செலவு இல்லை: வடசென்னைக் கல்லூரி அறிவியல் ஆசிரியரும் மாநாட்டுப் பயண நிதியும்

பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பொன்னேரி அரசு கல்லூரி போன்றவற்றில் அறிவியல் ஆசிரியரின் முதல் வேலை பாடம் நடத்துவதுதான். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பகுதிப் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு எட்டும் தொலைவில் இருப்பது இத்தகைய கல்லூரிகளில்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். ரெக்கார்டு திருத்துவது, அகமதிப்பீடு, தேர்வுப் பணி எல்லாம் அதற்கு மேல். இவர் ஒரு மாநாட்டுக்குப் போனால் வழிச்செலவை யார் ஏற்பது, எந்தத் தலைப்பில் ஏற்பது? அதைக் கற்பித்தல் செலவாகவே கருத வேண்டும், ஆய்வகத்துக்கு வேதிப்பொருள் வாங்கும் அதே கணக்கில் எழுத வேண்டும் என்பது என் வாதம்.

இப்போதுள்ள ஏற்பாடு வேறு கணக்கில் ஓடுகிறது. மானியக் குழுவின் பயண நல்கை, வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை வாசிக்கும் கல்லூரி ஆசிரியருக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று வகுக்கப்பட்டது. மத்திய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் தந்துவந்த பன்னாட்டுப் பயண உதவியும் கட்டுரை ஏற்கப்பட்டவருக்கே உரியதாக இருந்தது. உள்நாட்டில் நிதி பெரும்பாலும் கருத்தரங்கை நடத்தும் நிறுவனத்துக்குப் போகிறது. அங்கே போக வேண்டிய ஆசிரியரின் கைக்கு வருவதில்லை. அனைத்திந்திய அமைப்புகள் சிலவற்றின் ஆண்டு மாநாட்டுக்குச் செல்வோருக்கு ரயில்வே இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 25 விழுக்காடு சலுகை தந்துவந்தது. 2020 மார்ச்சில் பெரும்பாலான சலுகைகளோடு அதுவும் நின்றது. ஆண்டுக்கு 30 நாள் வரை பணி விடுப்பு, அதாவது ஓ.டி., கொடுக்கலாம் என்று அதே 2018 விதிகள் சொல்கின்றன. விடுப்பு கிடைக்கும், டிக்கெட்டுக்குப் பணம் கிடைக்காது.

பணம் தராத அமைப்பு மதிப்பெண் மட்டும் தந்தால் என்ன நடக்கும்? மானியக் குழுவின் 2010 விதிகளில், ஆசிரியரின் பதவி உயர்வுக்கான கணக்கில் பன்னாட்டுக் கருத்தரங்கக் கட்டுரைக்கு 10, தேசிய அளவில் 7.5, மாநில அளவில் 5, உள்ளூரில் 3 என்று புள்ளிகள் இருந்தன. 2018இல் வெளிநாட்டில் வாசித்தால் 7, உள்நாட்டிலேயே நடக்கும் பன்னாட்டு மாநாட்டில் 5, தேசிய மாநாட்டில் 3 என்று மாறியது. திருவொற்றியூரிலிருந்து ரயிலேறி கொச்சிக்குப் போய், தன் துறையின் முதன்மையான தேசியக் கூட்டத்தில் நான்கு நாள் உட்காரும் விலங்கியல் ஆசிரியருக்கு 3. ‘சர்வதேச’ என்ற பேனர் கட்டிய அரங்குக்கு மாநகரப் பேருந்தில் போய், பத்து நிமிடம் வாசித்து, மாலையில் சான்றிதழோடு திரும்புபவருக்கு 5. முன்னவர் செலவு செய்து தோற்கிறார். சான்றிதழுக்காக மட்டுமே நடக்கும் கருத்தரங்குகள் பெருகியதற்கு ஆசிரியரின் நேர்மையைக் குறை சொல்வது நியாயமாகாது. அந்தச் சந்தையை விலை வைத்து வளர்த்தது இந்தப் பட்டியல்தான்.

ஆசிரியர் இத்தகைய கூட்டங்களுக்குப் போக முடியாததன் இழப்பு எண்ணூரில் கண்ணுக்குத் தெரிகிறது. மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் சிப்பி, தென் அமெரிக்கக் கடற்கரையைத் தாயகமாகக் கொண்டது; இன்று கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தின் அடியில் ஒட்டிப் பரவி, இறால் மேயும் சேற்றை மூடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் இதே கழிமுகத்தில் படிந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் அதற்கு முன்பிருந்தே சேர்ந்துவருகிறது. சுற்றுச்சூழல் கல்வி எல்லா இளநிலை மாணவருக்கும் கட்டாயப் பாடம். வகுப்பில் இருக்கும் எண்ணூர்ப் பெண் சிப்பியைக் கையில் பிடித்துப் பார்த்தவள். பாடநூலில் இருப்பதோ வேறு ஊர்களின் எடுத்துக்காட்டு. அந்தச் சேற்றை எந்த ஆழத்தில் எடுப்பது, உலோக அளவை எப்படிச் சரிபார்ப்பது, வந்தேறி உயிரினம் பற்றி மற்ற கடற்கரைகளில் என்ன தெரிந்திருக்கிறது என்பதை ஆசிரியர் பரங்கிப்பேட்டையிலோ கோவாவிலோ நடக்கும் கூட்டத்தில், சுவரொட்டியின் முன் நின்று நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2020க்குப் பின் வந்த இணையவழிக் கருத்தரங்குகள் உரையைக் கொண்டுவந்தன. உரைக்குப் பின் நடக்கும் இந்தப் பேச்சைக் கொண்டுவரவில்லை.

கட்டுரை இல்லாதவருக்குப் பணம் கொடுத்தால் அது சுற்றுலாவாகிவிடும் என்பார்கள். இந்த அச்சத்துக்கு நம் நாட்டிலேயே விடை உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர். சீனிவாசன் வழிநடத்திய செய்முறை இயற்பியல் புத்தொளிப் பயிற்சிகளை அறிவியல் கழகங்கள் நடத்தின. கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் கொடுத்தன. கட்டுரை எதுவும் கேட்கவில்லை. வந்தவர்கள் இரண்டு வாரம் சோதனைகளைத் தாங்களே செய்து பழகினார்கள். விலை குறைந்த கருவிகளைக் கொண்டு தம் கல்லூரியிலும் அவற்றை நடத்த முடிந்தது. மாநாட்டுப் பயணத்துக்கும் இதே நிபந்தனை போதும்: திரும்பியவர் அந்தப் பருவத்திலேயே ஒரு புதிய செய்முறையையோ பாடப் பகுதியையோ வகுப்பில் நடத்தி, அதன் குறிப்பைத் துறையில் வைக்க வேண்டும்.

நிதி துறைவாரியாக ஆண்டுதோறும் வர வேண்டும். தொகை சிறிதாக இருக்கலாம், ஆனால் முன்பணமாக வர வேண்டும். சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டு ரசீதோடு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமென்றால் வசதியுள்ளவர் மட்டுமே போவார். போனவரின் வகுப்பை எடுப்பவருக்கும் இதே நிதியிலிருந்து மணிக்கணக்கில் ஊதியம் தர வேண்டும். இல்லாவிட்டால் துறைத்தலைவர் செய்முறைத் தேர்வைக் காட்டி அனுமதி மறுப்பார், அதில் அவர்மேல் தவறும் இல்லை. அரசுக் கல்லூரிகளில் பாடச்சுமையின் பெரும்பங்கைத் தாங்கும் கௌரவ விரிவுரையாளர்களை இதிலிருந்து விலக்கினால், அந்த எண்ணூர்ப் பெண்ணுக்கு இந்த வாரம் வகுப்பெடுப்பவரையே விலக்கியதாகும். ஆகவே பணி நிரந்தரத்தைத் தகுதியாக வைக்காமல், அந்தப் பருவத்தின் கால அட்டவணையில் பெயர் உள்ள எவரும் விண்ணப்பிக்கலாம் என்று விதியை எழுத வேண்டும்.