ஒழிக்க முடியாத வித்து: இந்தியாவில் ரணஜன்னித் தடுப்பின் வரலாறும் காரியாபட்டி வட்டாரமும்

முன்னுரை

பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது. இளம்பிள்ளைவாதம் இந்தியாவை விட்டு நீங்கியது. அந்த வைரஸ்களுக்கு மனித உடலைத் தவிர நிலையான புகலிடம் இல்லாததால் இது கைகூடியது. ரணஜன்னி எனும் டெட்டனஸ் நோயின் நிலை வேறு. அதை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டெட்டானி பாக்டீரியா, சூழல் ஒவ்வாதபோது தன் மரபுப்பொருளைத் தடித்த உறைக்குள் ஒடுக்கி வித்தாகிவிடும். மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் அவ்வித்து ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி போல, மானாவாரி விவசாயமும் ஆடு வளர்ப்பும் சேர்ந்த வட்டாரத்தில் மண்ணையும் சாணத்தையும் தொடாத நாளில்லை. எனவே ரணஜன்னியின் வரலாறு கிருமியை ஒழித்த வரலாறாக அமையவில்லை. காப்பைக் கருவியின் தூய்மையிலிருந்து மனிதனின் குருதிக்கு மாற்றிய வரலாறாகவே அமைந்தது. அந்த மாற்றத்தில் விடுபட்டவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வித்தை அறிந்த காலம்

1876இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் கோன், வைக்கோல் ஊறலில் வளரும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரையும் தாங்குவதை விளக்கினார். அதே ஆண்டு ராபர்ட் காக், அடைப்பான் நோய்க் கிருமி வித்தாகி மீண்டும் முளைக்கும் சுழற்சியை வெளியிட்டார். 1884இல் ஆர்தர் நிக்கோலையர் மண்ணை விலங்குகளின் உடலில் செலுத்தி ரணஜன்னியை உண்டாக்கிக் காட்டினார். ஆனால் மற்ற கிருமிகளிலிருந்து இதைத் தனியே பிரிக்க அவரால் இயலவில்லை.

1889இல் ஷிபாசாபுரோ கிட்டசாட்டோ அதைச் சாதித்தார். கலப்பு வளர்ப்பை 80 பாகை வெப்பத்தில் வைத்தார். மற்றவை மடிய, வித்துகள் மட்டும் தப்பின. பிறகு அவற்றை ஆக்சிஜன் இல்லாத சூழலில் வளர்த்தார். மருத்துவர்களை அச்சுறுத்திய அதே வெப்பத் தாங்குதிறனே ஆய்வாளருக்கு வழிகாட்டியது. ஆழமான குத்துக்காயம் ஏன் ஆபத்தானது என்பதும் இதனால் விளங்கியது. காற்றுப் புகாத இடத்தில்தான் வித்து முளைத்து நச்சைச் சுரக்கும். ஆணியின் துரு நோய்க்குக் காரணமன்று. ஆணியோடு உள்ளே போகும் மண்ணே காரணம்.

முல்கோவால், 1902

இந்த அறிவுக்கு இந்தியாவில் கடும் சோதனை வந்தது. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு பிளேக் தடுப்பூசி போடப்பட்டது. அவர்களில் ஒரே குப்பியிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் ரணஜன்னியால் இறந்தனர். மருந்து பம்பாய் பரேலில் வால்டெமார் ஹாஃப்கினின் ஆய்வகத்தில் தயாரானது. பழி அவர்மீது விழுந்தது, பதவி பறிபோனது. குப்பியைத் திறக்கும்போது தரையில் விழுந்த இடுக்கி முறையாகக் கிருமி நீக்கப்படவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் 1907இல் லண்டன் டைம்ஸ் நாளிதழில் அவருக்காக வாதாடினர். அவ்வாண்டே அவர்மீதான களங்கம் நீங்கியது. தடுப்பூசியையே நஞ்சாக்க ஒரு பிடி மண்ணின் நுண்பகுதி போதும் என்பதை முல்கோவால் உணர்த்தியது.

குருதியில் ஏறிய காப்பு

1890இல் பேரிங்கும் கிட்டசாட்டோவும் நச்சுமுறியைக் கண்டனர். முதல் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களை அது காத்தது. ஆனால் அதன் பயன் சில வாரங்களே நீடித்தது. 1920களில் காஸ்டன் ராமோன், நச்சைத் தீங்கற்றதாக மாற்றி டாக்சாய்டு தடுப்பூசிக்கு வழிவகுத்தார். ரணஜன்னி ஒருமுறை வந்து பிழைத்தாலும் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. ஏனெனில் உயிரைக் கொல்லும் அளவைவிட அதிக நச்சு இருந்தால்தான் உடல் அதை அடையாளம் காணும். ஆதலால் ஊசி ஒன்றே வழி.

இந்தியாவில் இதன் பெரும் பலன் பச்சிளங்குழந்தைகளுக்குக் கிட்டியது. சுத்தமற்ற கத்தியால் தொப்புள்கொடியை அறுப்பதும், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைப்பதும் நாட்டின் பல பகுதிகளில் வழக்கமாயிருந்தன. பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால்குடித்த குழந்தை, பிறகு வாய் திறக்க முடியாமல் விறைத்துப்போகும். சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை நாட்டில் ஆண்டுக்கு 1.5 முதல் 2 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பாதிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

கருவுற்ற தாய்க்கு ஊசி போட்டால் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சேய்க்குச் செல்லும். 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமும் 1985இன் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் இதை ஊர்தோறும் கொண்டுசென்றன. தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இதைத் தாங்கின. 2015–16இல் மாநிலத்தின் பிரசவங்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2015இல் தாய்–சேய் ரணஜன்னி நீக்கப்பட்ட நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 1000 உயிர்ப்பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவான நோய்நிலை என்பதே இங்கு நீக்கத்தின் பொருள். வித்து மண்ணில் இருப்பதால் அதற்கு மேல் யாரும் இலக்கு வைக்கவில்லை.

அடைப்பானுக்கு இதே சிக்கலில் வேறு விடை கிடைத்தது. அங்கே ஊசி கால்நடைக்குப் போடப்படுகிறது. 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அதற்கான வித்துத் தடுப்பூசியைத் தயாரிக்கிறது. நோயில் மடிந்த ஆட்டை அறுக்காமல் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: குருதி காற்றுப்பட்டால்தான் அக்கிருமி வித்தாகும்.

முடிவுரை: விடுபட்டவர்கள்

ரணஜன்னி ஆளுக்கு ஆள் தொற்றாது. பக்கத்து வீட்டார் ஊசி போட்டுக்கொண்டதால் நமக்குப் பாதுகாப்பில்லை. அவரவர் குருதியில் உள்ளதே அவரவர் காப்பு. நம் அட்டவணையில் குழந்தைப்பருவ ஊசிகளுக்குப் பின் 10, 16 வயதுகளில் தவணை உண்டு. 2019 முதல் இது டிஃப்தீரியாவும் சேர்ந்த டிடி (Td) ஊசியாக மாறியது. 16 வயதுக்குப் பின் கருவுறும் பெண்ணுக்கு மட்டுமே முறையான தவணை வருகிறது. ஆண்களும் முதியோரும் காயம்பட்ட பிறகே ஊசியை நினைக்கின்றனர்.

காரியாபட்டி வட்டாரத்தில் வேலி வெட்டுபவர், ஆடு மேய்ப்பவர், கல்குவாரியில் உழைப்பவர், சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்குச் செல்பவர் எல்லோரும் காயத்தோடு வாழ்பவர்கள். தீக்காயத்தின் இறந்த திசுவும் வித்து முளைக்க ஏற்ற இடமே. தாய்மாருக்காகக் கட்டிய அமைப்பு இன்று ஊர்தோறும் இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை பெரியவர்களுக்கும் ஒரு தவணை என்பதை ஆலை, குவாரி மருத்துவ முகாம்களோடு இணைத்தால் புதிய நிறுவனம் எதுவும் தேவைப்படாது. வரலாறு விட்டுவைத்த வேலை அதுதான்.